கயிறு விழுந்த இடம்

அந்தக் கயிற்றை அக்கா யாருக்கும் தந்ததில்லை. ஆயுத பூஜைக்கு அலுவலக வாசலில் வாழைக்கன்று கட்டக் கேட்டார்கள், தரவில்லை. இணை இயக்குநர் வீடு மாறியபோது மினி லாரியில் பீரோவை இறுக்கக் கயிறு தேடினார்கள். அக்காவின் ஸ்கூட்டர் டிக்கியில் ஒன்று சுருண்டு கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், கேட்கத்தான் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. இழுத்து எதையாவது கட்டினால் கயிறு நீண்டுவிடுமாம். நீண்டால் வயலில் போடும் சதுரம் பெரிதாகிவிடும். சதுரம் பெரிதானால் அதில் விழும் நெல் கூடிவிடும். இதை முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அலுத்துவிட்டது. இப்போது அக்கா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்த பிள்ளைகள் போனில் ஆப்பைத் திறந்து வயலைப் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அந்த டிக்கிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

டிவியில் நாட்டின் நெல் உற்பத்தி புதிய உச்சம் என்று வாசிக்கிற பெண்ணுக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் புதுச்சேரியின் பங்கை டைப் அடித்து டெல்லிக்கு அனுப்புகிறவள் நான். கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிரெஞ்சுக் கட்டடத்தின் மாடி, உப்புக் காற்றில் துருப்பிடித்த ஜன்னல், மூச்சு வாங்கும் ஒரு கம்ப்யூட்டர், நான். எவ்வளவு நிலத்தில் நட்டார்கள் என்பதைக் கிராம நிர்வாக அதிகாரியின் கணக்கு சொல்லிவிடும். ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது என்பதை யாராவது வயலில் இறங்கி அறுத்துப் பார்த்தால்தான் உண்டு. எல்லா வயலையும் அறுத்து எடை போட முடியுமா? அதனால் குலுக்கல். எந்த சர்வே நம்பர், அதில் எந்த வயல், அந்த வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து உள்ளே எத்தனை அடி நடக்க வேண்டும் என்பது வரைக்கும் ராண்டம் நம்பர் சொல்லும். அங்கே நாலு குச்சி அடித்து, கயிறு கட்டி, உள்ளே நிற்கிற பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். இதற்குப் பெயர் பயிர் அறுவடைச் சோதனை. யாருக்குச் சோதனை என்று கேட்டால் எங்களுக்குத்தான் என்பேன்.

அக்கா எங்கள் புள்ளியியல் அலுவலகத்தின் கள ஆய்வாளர். கட்டையான உருவம், காட்டன் புடவை, அதன் மேல் கணவருடைய பழைய முழுக்கைச் சட்டை, காலில் எப்போதும் சேறு காய்ந்த செருப்பு. காலையில் அவர் மாடி ஏறி வரும்போதே முழு நாள் வேலை பார்த்துக் களைத்தவர் மாதிரி இருப்பார். அவர் பேச்சில் அடிக்கடி வருகிற வார்த்தை ஒன்றுதான்: விழுந்த எடம் விழுந்த எடம்தான். மூலையிலிருந்து நடந்து போனால் சதுரம் பனைமர நிழலில் விழும், எலி வெட்டிய சொட்டையில் விழும், முட்டி அளவு தண்ணீரில் விழும். விழுந்த இடத்தில் குச்சியை அடிப்பார். வயல்காரர் கூச்சப்பட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் நல்லா வெளஞ்சிருக்குது மா, அங்க போடுங்க என்பார். வேறொரு ஊரில், இது மேட்டு எடம், பள்ளத்துல போட்டாதான் எங்க கஷ்டம் தெரியும் என்பார்கள். இரண்டு பேருக்கும் அக்காவின் பதில் ஒன்றுதான்.

சில ஆய்வாளர்கள் டீக்கடை பெஞ்சிலேயே அறுவடையை முடித்துவிடுவார்கள். போன வருஷ எண்ணோடு கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் கழி, போய்க்கொண்டே இரு. அவர்கள் கொண்டுவரும் எண்கள் சுத்தமாக, மேலிடம் விரும்புகிற மாதிரி, வருஷத்துக்கு வருஷம் லேசாக ஏறிக்கொண்டே போகும். அக்காவின் எண்கள் மட்டும் தாறுமாறாகக் குதிக்கும். ஒவ்வொரு தடவையும் என்னை அழைத்து விளக்கம் கேட்பார்கள். நானா வயலில் இறங்கினேன்? அக்காவிடம் போய்ப் புலம்பினால், "எழுதிக் குடு மா, எலி வெட்டுனதுன்னு" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறப்பார். அந்த டீக்கடை ஆய்வாளர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கெல்லாம் அவருக்குத் தெம்பு இருந்த மாதிரியும் தெரியவில்லை.

அறுத்த நெல்லில் கொஞ்சத்தைத் துணிப்பையில் கட்டிக் கொண்டுவந்து, காயவைத்து மறுபடி எடை போட வேண்டும். ஈர நெல்லின் எடை எடையே இல்லை. எங்கள் மொட்டைமாடியில் அது எப்படிக் காயும்? கடல் காற்று அதைக் காயவிடாது, காய்ந்ததைப் புறா விடாது. மத்தியானம் சாப்பிட்ட கையோடு நான் ஒரு பழைய பைலைக் கையில் வைத்துப் புறா ஓட்டிக்கொண்டு நிற்பேன். எம்.எஸ்சி. புள்ளியியல் படித்துவிட்டுப் புறா ஓட்டுகிறவள் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

விழுந்த இடம் என்பது அக்காவுக்கு வயலோடு நிற்கவில்லை. அதுதான் எனக்குப் புரியாதது. லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் வீடு ஒதுக்கக் குலுக்கினார்கள். அக்காவுக்குச் சாக்கடையை ஒட்டிய கீழ்வீடு வந்தது. மழை வந்தால் தண்ணீர் வாசற்படி ஏறும். மாடிவீடு விழுந்த ஒருவர் மூட்டுவலிக்காரர், அவரே வந்து மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அதற்கும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. தேர்தல் வேலைக்குக் குலுக்கினால் அவருக்குக் கனகசெட்டிக்குளம் விழும், வடக்கு எல்லைக் கோடி. மற்றவர்கள் ஆளைப் பிடித்து வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடமாக மாற்றிக்கொள்வார்கள். அக்கா முதல் பஸ்ஸைப் பிடித்துப் போவார்.

இதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. அவருடைய மாமனார் பழைய சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். மூத்த மகனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை பதிவாகியிருந்தது, இளையவரான அக்காவின் கணவருக்கு ஏதோ ஒரு பதிவு விட்டுப்போயிருந்தது. மூத்தவர் பாரீசுக்குப் பக்கத்தில் செட்டில் ஆகிவிட்டார். வருஷா வருஷம் ஊருக்கு வந்து, சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் கொடுத்து, வக்கீல் வைத்துப் பார்க்கலாம், முயற்சி செய்தால் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போவார். "அவருக்கு அங்க விழுந்துச்சு, எங்களுக்கு இங்க விழுந்துச்சு" என்று என்னிடம் அக்கா சொன்னபோது, அவருடைய கணவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டார். நேர்மையா, சலிப்பா, இல்லை நகர்ந்து பார்க்கவே பயமா என்று நான் அக்காவைப் பற்றிப் பல தடவை யோசித்திருக்கிறேன். இன்னமும் முடிவுக்கு வந்தபாடில்லை.

இனி அந்த மழை வருஷத்துக்கு வருகிறேன். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பா நட்டபின் குலுக்கியதில் ஒரு பெரியவரின் வயல் விழுந்தது. அக்கா வழக்கம்போல முன்கூட்டியே போய், எங்களிடம் சொல்லாமல் அறுத்துவிடாதீர்கள் என்று தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த மனிதர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வயல் இருக்கும் ஊரில் சர்க்கார் நம் வயலைப் பார்க்க வருகிறது, நம் நெல்லை எடை போடப் போகிறது! டீக்கடையில் சொன்னார், கோயிலில் சொன்னார், சம்பந்தி வீட்டுக்கும் போன் போட்டுச் சொன்னார்.

அப்புறம் கதிர் முற்றுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, வாய்க்கால் உடைந்து, ஊர் வயல் முழுக்கத் தண்ணீர். பயிர் சாய்ந்து, சாய்ந்தது முளைவிட்டது. ஊர்க்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர் மட்டும் உட்காரவில்லை. வாடகை ஆயில் என்ஜின் கொண்டுவந்து அந்த ஒரு வயலிலிருந்து தண்ணீரை இறைத்தார். அவரும் மனைவியும் சேற்றில் இறங்கி, சாய்ந்த பயிரை நாலைந்து குத்தாகச் சேர்த்துக் கட்டி நிமிர்த்தினார்கள். தன்னுடைய மற்ற வயல்களைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா அறுக்கப் போன அன்று நானும் கூட இருந்தேன். மற்ற ஆய்வாளர்களை வெள்ளச் சேதக் கணக்குக்கு இழுத்துவிட்டதால், டேப்பைப் பிடிக்கக்கூட ஆள் இல்லாமல் என்னை அழைத்துப் போயிருந்தார் அக்கா. சுற்றிலும் பழுப்பாக அழுகிக் கிடந்த வயல்களுக்கு நடுவே அந்த ஒன்று மட்டும் பொன்னாக நின்றது. பெரியவர் வெளுத்த சட்டை போட்டு, எங்களுக்கு இளநீர் சீவி வைத்துக்கொண்டு வரப்பில் காத்திருந்தார்.

"மேடம் வந்து பாக்கறப்ப நம்ம மானம் போவக் கூடாதுன்னுதான்" என்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ஊர் ஆட்கள் நாலைந்து பேர் பின்னாலேயே வந்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது, பெரியவருக்குத்தான் தெரியவில்லை. பயிர்க் காப்பீடு ஆளாளுக்குத் தனித்தனியாகப் பார்த்துக் கொடுப்பதில்லை. ஊரில் குலுக்கி விழுந்த நாலு இடத்து விளைச்சலின் சராசரிதான் ஊர் முழுவதற்கும் கணக்கு. அது குறைந்தால் எல்லாருக்கும் நஷ்டஈடு, குறையாவிட்டால் ஒருத்தருக்கும் கிடையாது. மற்ற மூன்று இடங்களில் ஒன்று மேட்டில் விழுந்து தப்பித்திருந்தது. மற்ற இரண்டும் அழுகிவிட்டன. ஊருக்கு நஷ்டஈடு உண்டா இல்லையா என்பது இந்த வயலில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். "மா, பக்கத்து வயலும் அவுருதுதான். அதுல போடுங்க மா. ஊரே முழுவிப் போச்சு, உங்க கண்ணால பாக்குறீங்க."

அக்கா பார்த்தார். நான் அவர் காதோரம், அடுத்த வயல்தானே அக்கா, யாருக்கு என்ன தெரியப்போகிறது என்றேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றும் சொன்னேன். எனக்கு உண்மையிலேயே கோபம். எதிரில் ஒரு ஊரே அழுகிக் கிடக்கிறது, நாம் அதற்கு நடுவில் நன்றாக இருக்கும் ஒரே துண்டைத் தேடிப் பிடித்து அளக்கிறோம்.

"இன்னிக்கு இவங்களுக்காக நான் தள்ளிப் போட்டா, நாளைக்கு ஆபீசுல இருக்கறவங்க அவங்களுக்காகத் தள்ளிப் போடச் சொல்லுவாங்க. அப்ப நான் இன்னான்னு சொல்றது?" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. தென்மேற்கு மூலைக்குப் போய், அங்கிருந்து நடந்து, விழுந்த இடத்தில் குச்சியை அடித்தார். கயிற்றைக் கட்டும்போது பெரியவர்தான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அடித்துத் தூற்றி எடை போட்டபோது நல்ல வருஷத்தில் விளைவதற்குக் கொஞ்சமும் குறையாமல் நின்றது முள். பெரியவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று அவருக்கு அப்போதும் விளங்கவில்லை.

அந்த ஊருக்குக் காப்பீடு வரவில்லை. அடுத்த ஊருக்கு வந்தது.

ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். அக்கா படியிறங்கிப் போய் அவர்கள் எதிரில் நின்றார், அதைச் சொல்லியாக வேண்டும். ஓடி ஒளியவில்லை. திட்டியதை எல்லாம் வாங்கிக்கொண்டார். எந்த இடத்தில் அறுத்தேன், எப்படி அறுத்தேன் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இணை இயக்குநர் ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டார். பெரியவரும் அந்த வேனில்தான் வந்திருந்தார். அவரை யாரும் அழைத்து வந்த மாதிரி இல்லை, தானாக ஏறி வந்திருக்க வேண்டும். கூட்டத்துக்குப் பின்னால், கூட்டிக் கழுவிய பிரெஞ்சுத் தெருவில், அந்தச் சுத்தமான நடைபாதையின் ஓரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஒருத்தரும் நிற்கவில்லை. போகும்போதும் கடைசியாகத்தான் ஏறினார்.

அப்புறம் பாகூர் பக்கம் போய்வரும் ஆட்கள் சொல்லித் துண்டு துண்டாகத் தெரிந்தது. டீக்கடையில் அவர் போனால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்துகொள்கிறார்களாம். அறுவடை மிஷின் ஊருக்குள் வந்தால் அவர் வயலை விட்டுவிட்டுப் போகிறதாம். கோயில் திருவிழா வரியை அவரிடம் வாங்க வரவே இல்லையாம். வரி கேட்டு வராதது எவ்வளவு பெரிய அவமானம் என்று கிராமத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். இதையெல்லாம் நான் அக்காவிடம் சொன்னேன், வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டார். அன்று சாப்பிடவில்லை.

அடுத்த வருஷச் சம்பாவுக்குக் குலுக்கினார்கள். அந்த ஊரில் விழுந்த இடங்களில் ஒன்று மறுபடியும் அந்தப் பெரியவருடையது. அதே வயல் அல்ல, ஊரின் இன்னொரு கோடியில் அவருக்கு இருந்த ஒரு துண்டு. அவருக்குக் கொஞ்சம் நிலம் அங்கங்கே சிதறிக் கிடந்தது, எண்ணுக்குக் கண்ணா இருக்கிறது? வழக்கம்போல அவருக்கு முன்கூட்டியே தகவல் போய்விட்டது. அறுப்பு நாள் வந்தபோது நான் அக்காவிடம், வேறு யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள், இந்த ஒரு தடவை மட்டும் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். பின் சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன். அவரைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

அது நல்ல வருஷம். பருவத்தில் மழை, பூச்சி இல்லை, ஊர் முழுக்கக் கதிர் தலைசாய்ந்து நின்றது. பாகூர் ஏரிக்கரையைத் தாண்டியதிலிருந்து வழியெல்லாம் புதுநெல் வாசனை. பெரியவரின் துண்டு எது என்று நாங்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அத்தனை மஞ்சளுக்கு நடுவே அது ஒன்றுதான் வெளிறிக் கிடந்தது. பாதிக்குப் பாதி கோரையும் களையும். நெல் முழங்காலுக்குக் கீழே நின்றது. கையில் உருவினால் பதர்.

அவருடைய மனைவி தூரத்தில், வேலியோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கிட்டே வரவில்லை. நான் அவரிடம் போனேன். நட்டதோடு சரி, வயலுக்குள் யாரையும் கால்வைக்க விடவில்லை, களை எடுக்கப் போன என்னையே வெளக்குமாத்தால் அடிக்க வந்தார் என்று அந்த அம்மாள் சொல்லி அழுதார். இந்தத் துண்டில் விளைவதைத்தான் அவர்கள் வீட்டுக்கு வைத்துக்கொள்வார்களாம், விற்பதில்லையாம். இந்த வருஷம் அரிசி கடையில்தான் வாங்க வேண்டும்.

பெரியவர் வரப்பில் இருந்தார். போன வருஷம் போட்டிருந்த அதே வெளுத்த சட்டை. இந்த வருஷமும் இளநீர் சீவி வைத்திருந்தார். அக்காவைக் கண்டதும் எழுந்து வந்து, ரகசியம் மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இந்த வாட்டி என்னால யாருக்கும் கெடுதி வராது மா. தண்ணி கட்டல, உரம் வெக்கல. ஊருலயும் சொல்லிட்டேன். இப்ப கடையில பக்கத்துல உக்கார எடம் வுடறாங்க."

அவர் முகத்தில் போன வருஷம் இருந்த அதே பெருமை இருந்தது. அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருஷத்தில் வேலை முடிவதற்கு முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஊர் முழுக்க விளைந்து கிடக்கிற வருஷத்தில் காப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை, இவர் வயலைக் காயப்போட்டதால் ஒரு மனிதருக்கும் ஒரு நன்மையும் வரப்போவதில்லை என்று அவரிடம் யார் சொல்வது? நான் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. பெரியவர் இளநீரை நீட்டிக்கொண்டே நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்து இளநீரை வாங்கிக் குடித்தார். டிக்கியிலிருந்து கயிற்றையும் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு தென்மேற்கு மூலைக்குப் போனார். கயிற்றின் ஒரு முனையை, போன வருஷம் மாதிரியே, பெரியவர்தான் பிடித்தார். அறுத்தோம், அடித்தோம், தூற்றினோம். தூற்றும்போது பாதிக்கு மேல் காற்றில் போயிற்று. மிஞ்சியது ஒரு துணிப்பைக்குக்கூடக் காணவில்லை.

மொட்டைமாடியில் அதைக் காயவைத்து மறுஎடை போட்டு முடித்ததும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எண்ணைச் சொன்னார். என் விரல் கட்டத்தின் மேல் நின்றது.

"இது அந்த ஊரு வெளச்சல் இல்லையே, அக்கா" என்றேன். "போன வருஷம் போட்டதும் இல்ல. நாம பாக்கப் போனதால வந்தது ரெண்டும்."

"தெரியும் மா" என்றார். ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போடு. விழுந்த எடம்…"

மீதியைச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் புடவைத் தலைப்பால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் எண்ணை அடித்து டெல்லிக்கு அனுப்பினேன்.